நிறையப் பாட்டா, நிறைந்த ஒலியா?

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அது நிறைய என் தந்தையார் சேர்த்த ஒலிநாடாக்கள். 1980-களில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் புறநகரெங்கும் இருந்தன. பட்டியலை எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "சிக்ஸ்டியா, நைன்ட்டியா சார்?" என்பதுதான். அதாவது 60 நிமிட நாடாவா, 90 நிமிட நாடாவா? அப்பா எப்போதும் அறுபதுதான். பதின்மூன்று பாட்டோடு முடிந்துவிடுகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம்.

அப்பாவின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு நாடாக்களும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்கவேண்டும். ஆகவே நீளமானதை மெலிதாக்கினார்கள். 60 நிமிட நாடாவின் தடிமன் ஏறத்தாழ 18 மைக்ரான். 90 நிமிட நாடாவுக்கு 12 மைக்ரான்தான். மெல்லிய நாடா எளிதில் இழுபடும், சிக்கும்.

வேகத்திலும் இதே பேரம்தான். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காசெட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களின் பெரிய சுருள் கருவிகளில் 38 செ.மீ.கூட ஓடும். நொடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கருவியில் ஓர் அதிர்வுக்கு 38 மைக்ரான் இடம் கிடைக்கிறது. காசெட்டில் ஐந்து மைக்ரான்கூட இல்லை. ஜால்ராவின் கிணுகிணுப்பு அதற்குள் நெருக்கியடித்து உட்காரவேண்டும்! வேகத்தைக் கூட்டினால் ஒலி தெளியும். ஆனால் ஒரு மணி நேர நாடா ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எண்முறைப் பதிவு வந்த பிறகும் பேரம் ஓயவில்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள் என்று பதிகிறது. பெருக்கிப் பாருங்கள்: 14,11,200 பிட். எம்.பி.3 முறையில் இதை 1,28,000 பிட்டாகக் குறைக்கலாம். உரத்த ஒலிக்கு அருகில் மெல்லிய ஒலி காதில் விழாது அல்லவா? அப்படி மறைந்துபோகும் பகுதிகளில் சிக்கனம் செய்கிறார்கள்.

ஹை-ஃபை அன்பர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. சன்னலைத் திறந்தால் மின்சார ரயில், அப்பால் ஜி.எஸ்.டி. சாலை, தலைக்கு மேல் விமானம். இந்த இரைச்சலில் எந்த நுட்பத்தைக் கேட்கப் போகிறோம்? நீங்களே சோதிக்கலாம். ஒரே பாட்டின் இரு பதிவுகளை, நாணயம் சுண்டி, உங்களுக்குத் தெரியாமல் நண்பர் பத்து முறை போடட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியானால்தான் காது வென்றது என்பேன். அது தற்செயலாக நேர நூற்றில் ஒரு வாய்ப்புத்தான். 64,000 பிட் பதிவை நான் சுலபமாகக் கண்டுபிடித்தேன். 1,92,000 பிட்டில் தோற்றேன்.

ஆகவே, எங்கும் கிடைக்கும் பாட்டைச் சுருக்கி வைப்பதில் பிழையில்லை என்பதே என் கருத்து. வேறெங்கும் கிடைக்காததற்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. இதை நான் தாமதமாகவே கற்றேன்.

2009-இல் என் அத்தை, கல்யாண நலங்குப் பாட்டுகளை நாற்பது நிமிடம் பாடினார். செல்போனில் பதிந்தேன். நினைவட்டை நிறையச் சினிமாப் பாட்டு; இடம் மிச்சமாகட்டும் என்று மிகக் குறைந்த தரத்தைத் தேர்ந்தேன். அந்த முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். அப்படியானால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் பதியாது. குறுந்தகட்டின் தரத்தில், ஒரே தடத்தில் பதிந்திருந்தாலும் சுமார் 210 மெகாபைட் போதும். ஐம்பது சினிமாப் பாட்டை அழித்திருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

அத்தை இப்போது இல்லை. பதிவில் சொற்கள் புரிகின்றன. ஆனால் தொடையில் தாளம் போடும்போது அவருடைய கண்ணாடி வளையல்கள் குலுங்குமே, அந்த இடங்களில் ஏதோ காகிதம் உரசுவதுபோல் கேட்கிறது. கணினியில் உயர் அதிர்வெண்களைக் கூட்டிப் பார்த்தேன். பதியாத ஒலி எப்படி வரும்? இரைச்சல்தான் கூடியது.