ஊசிக்கும் இஸ்னாத் கேளுங்கள்



ஒரு ஹதீஸை எவரேனும் எடுத்துரைத்தால், அறிவிப்பாளர் யார், தொடர் முறியாமல் உள்ளதா என்று கேட்கும் சமுதாயம் நாம். தொடரில் ஒருவரின் நினைவாற்றல் குறையுடையது என்று தெரிந்தாலே அச்செய்தியை ளயீஃப் என்று ஒதுக்கி வைக்கிறோம். அதே நாம், "அக்குபஞ்சர் எல்லா நோயையும் தீர்க்கும், இன்சுலினை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் கூறும்போது மட்டும் ஆதாரம் கேட்பதில்லையே, ஏன்?

செய்தி எவ்வாறு திரிகிறது என்பதற்கு ஒரு சான்று. 1971-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. வழக்கமான மரப்பு மருந்து செலுத்தியே அறுத்தார்கள். பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்கே அக்குபஞ்சர் செய்தார்கள். அவரே அவ்வாறு எழுதியிருந்தும், ஊசி குத்தியே அறுவை செய்ததாகக் கதை பரவிற்று. மூல அறிவிப்பாளர் சொல்லாததை அடுத்தவர் சேர்த்துவிட்டார்.

"எனக்குக் குணமானதே, வேறென்ன சாட்சி வேண்டும்?" என்பர். வலி குறைந்தது என்பதற்கு நீங்கள் சாட்சி. எதனால் குறைந்தது என்பதற்கு அல்ல. முதுகுவலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் சிகிச்சை தேடி ஓடுகிறான். ஆகவேதான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுகிறது.

ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலி உடைய 1,162 பேரிடம் அத்தகைய ஆய்வு நடந்தது. முடிவு 2007-இல் வெளியாயிற்று. முறைப்படி ஊசி குத்தப்பட்டோரில் 47.6 விழுக்காட்டினர் பலன் கண்டனர். அக்குபஞ்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 விழுக்காடு. மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காடு. 2012-இல் ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஆய்ந்தபோது, நாட்பட்ட வலிகளில் போலி ஊசியைவிட மெய்யான ஊசிக்குக் கூடுதல் பலன் தென்பட்டது; ஆயினும் அவ்வேறுபாடு சிறிதே.

நீதியோடு பேசுவோம். ஊசி குத்திக்கொண்டோரில் பலர் வலி தணிந்து எழுந்தனர். அதை மறுப்பது அநீதி. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறத்தாழ அதே பலன் எனில், உடலெங்கும் ஓடுவதாகச் சொல்லப்படும் சக்திப் பாதைகளின் கதை என்னவாகிறது? முதுகுவலிக்குக் கிடைத்த சான்றை நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் நீட்டுவது எந்த நியாயம்? முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. ஊசிமுனை அதைச் சுரக்கச் செய்யாது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், விளையும் கேட்டிற்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்தார்கள்; அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. மருந்தை நிறுத்தச் சொல்லும் நாவு இதை அஞ்சட்டும். அச்சொல்லை வாட்ஸ்அப்பில் பரப்பும் விரலும் அஞ்சட்டும்.

வலிக்காகச் செல்ல விரும்புவோர் செல்லுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று பாருங்கள். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் விடாதீர்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி நடக்க அவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!