பொதுக் காட்டுக்குள் பணக் குலுக்கல்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மானை வேட்டையாட, அங்கேயே குடியிருப்பவர் 57 டாலர் கட்டுகிறார். வெளி மாநிலத்தவர் 692 டாலர் கட்ட வேண்டும். அவரே ‘சிறப்பு’க் குலுக்கலில் சேர்ந்தால் 2024 முதல் 1,950 டாலர். சிறப்பு என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான்: கூடுதலாகப் பணம் கட்டியவர்கள் மட்டும் தனியாகப் போட்டியிடுவார்கள், சீட்டு விழும் வாய்ப்பு பெரும்பாலும் கூடும்.

அந்நாட்டில் வேட்டைக்கு உரிமம் மட்டும் போதாது. பெரிய விலங்குகளுக்கு ‘டேக்’ வேண்டும். எந்த இனம், எந்தப் பகுதி, எந்த நாள்கள் என்று வரையறுத்துத் தரப்படும் அனுமதிச் சீட்டு அது. கேட்பவர் அதிகமானால் குலுக்கல்தான். காட்டுயிர்களை மக்கள் சார்பில் மாநிலமே காக்கிறது என்பது அங்குள்ள சட்ட மரபு. எனவே விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன.

டேக்குகளின் எண்ணிக்கை மாறுவது நியாயம். 2022–23 கடுங்குளிரில் மியூல் மான்கள் பெருமளவில் மடிந்ததும் வயோமிங் டேக்குகளைக் குறைத்தது. வெண்வால் மான்கள் மலிந்த டெக்சாஸில் உரிமத்தோடு டேக்குகளும் சேர்ந்தே வருகின்றன. நிலத்தின் நிலையறிந்து வகுத்த வேறுபாடுகள் இவை.

யாருக்கு என்ற கேள்வியில்தான் நியாயம் தடுமாறுகிறது. கொலராடோ பல ஆண்டுகளாகக் குலுக்கலில் தோற்றவருக்குப் புள்ளி சேர்த்து, அதிகப் புள்ளி உள்ளவருக்கே முன்னுரிமை தந்துவந்தது. இதனால் பெயர்பெற்ற பகுதிகளில் புதியவர் முந்தியவரை எட்டவே முடிவதில்லை. நியூ மெக்சிகோவில் புள்ளிகள் இல்லை. ஆனால் குலுக்கல் டேக்குகளில் 84 விழுக்காடு உள்ளூர்க்காரருக்கு, 10 விழுக்காடு வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவருக்கு, எஞ்சிய 6 மட்டுமே தனியாக வரும் வெளியாருக்கு.

1978இல் பால்டுவின் வழக்கில், பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை அல்ல, வெளியாரிடம் மோன்டானா மாநிலம் அதிகக் கட்டணம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று உள்ளூர்வாசிக்கு எல்க் உரிமம் 9 டாலர். வெளியார் 225 டாலருக்குக் கூட்டு உரிமமே வாங்க வேண்டியிருந்தது. சட்டம் அனுமதிப்பது எல்லாம் நீதியாகிவிடாது.

மேற்கு மாநிலங்களின் வேட்டைக் காடுகளில் பெரும்பகுதி கூட்டரசு நிலம். நாடு முழுவதன் வரிப்பணத்தில் நடப்பது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரியும் காட்டுயிர்ப் பணிக்காக மாநிலங்களுக்குச் செல்கிறது. அப்படியிருந்தும், வயோமிங்கின் கூட்டரசு வனாந்தரங்களில் வெளியார் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்ல, உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசி ஒருவரோ உடன்வர வேண்டும். அதே காட்டில் தனியாக மலையேறவோ மீன் பிடிக்கவோ தடையில்லை. பாதுகாப்புதான் காரணம் என்றால், அந்த ஆபத்து மலையேறுபவருக்கும் உண்டல்லவா?

உள்ளூர்வாசிக்குச் சலுகை இருக்கட்டும். விலங்குகளோடு வாழ்ந்து, பயிர்ச்சேதத்தைத் தாங்குபவர் அவர்தான். வெளியாருக்கு ஒதுக்கிய பங்கிலாவது பணம் படைத்தவருக்குத் தனி வரிசை கூடாது. ஐடஹோவில் புள்ளிகள் கிடையாது. காட்டுச் செம்மறிக்கோ மூஸ் மானுக்கோ விண்ணப்பித்தவர் மற்ற பெரும்பாலான குலுக்கல்களில் சேர முடியாது. ஆசையை ஒன்றில் நிறுத்தியாக வேண்டும். போட்டியைக் குறைக்க அது நல்ல வழி.

சிறப்புக் குலுக்கலையும் வழிகாட்டிக் கட்டாயத்தையும் வயோமிங் கைவிட வேண்டும். உரிமக் கட்டணத்தால் நடக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்பு, அடுத்த தலைமுறை வேட்டைக்காரர்களை நம்பியிருக்கிறது. வசதியற்ற இளைஞரை வெளியே நிறுத்தினால் அந்த நிதியும் வற்றும்.