மாதிரி விமானத்தில் பெட்ரோல் எஞ்சின்



ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைத் தாங்களே கட்டிப் பறக்கவிடும் ஆவல் நம் வாலிபர் அநேகரிடம் காணப்படுகிறது. மின்மோட்டாரில் தொடங்குகிறவர்களில் சிலர் பின்னர் பெட்ரோல் எஞ்சினை நாடுகிறார்கள். அப்பொழுது பெற்றோர் உள்ளத்தில் எழும் கேள்வி, "இது ஆபத்தானதல்லவா?" என்பதே. ஒழுங்கைக் கைக்கொள்ளுகிறவனுக்கு இது நல்ல பயிற்சி. அவசரப்படுகிறவனுக்கோ விரல்களையே இழக்கச் செய்யக்கூடியது.

முற்காலத்தில் பெரும்பாலான மாதிரி எஞ்சின்கள் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் ஓடின. அது விலை உயர்ந்தது. எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. ஆகையால் மரம் அறுக்கும் இயந்திரத்திலும் புல்வெட்டும் கருவியிலும் இருந்த சிறிய பெட்ரோல் எஞ்சின்களை விமானத்திற்கு ஏற்றவாறு மாற்றினார்கள். இன்று 10 சி.சி. முதல் 100 சி.சி.க்கு மேலும் இவை கிடைக்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் வகை. எண்ணெய்க்குத் தனி இடம் இல்லாததால் அதைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 30-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 33 மி.லி.; 40-க்கு 1 என்றால் 25 மி.லி. எஞ்சினைச் செய்தவர் குறித்த அளவையே பின்பற்றுங்கள். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் உராய்ந்து இறுகிப்போகும்.

மெத்தனாலுக்குப் பயன்படும் சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பெட்ரோலைத் தாங்கும் குழாயையும் டேங்க் மூடியையுமே பொருத்த வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் இப்பொழுது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர் சவ்வையும் காலப்போக்கில் கெடுக்கும். எனவே பறந்து முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, மீதமுள்ள பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நலம்.

கார்புரேட்டரில் இரண்டு ஊசித் திருகுகள் உண்டு. ஒன்று மெதுவான ஓட்டத்திற்கு, மற்றொன்று வேகமான ஓட்டத்திற்கு. வேக ஊசியை உச்ச வேகம் வரும்வரை திருகி, பின்பு பெட்ரோல் சற்றே அதிகமாய்ச் செல்லும்படி திருப்பி வைக்க வேண்டும். பெட்ரோல் குறைந்து ஓடும் எஞ்சின் சத்தத்தில் சிறப்பாய்த் தோன்றினாலும் சூட்டினால் பழுதாகிவிடும்.

இப்பொழுது முக்கியமான காரியத்திற்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினைப் பற்றவைப்பது மின்பொறி. அதன் சுவிட்ச் திறந்திருக்குமானால், புரொப்பெல்லரைக் கையால் லேசாய் அசைத்தாலும் எஞ்சின் உயிர்பெற்றுவிடக்கூடும். ஆகையால் புரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்ச் நின்றிருந்தாலும் அது ஓடக்கூடும் என்றே எண்ணிக் கையை வையுங்கள்.

இயக்கும் வரிசை இதுவே: ஒருவர் விமானத்தை உறுதியாய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை நிறுத்திச் சோக்கை மூடி, பெட்ரோல் கார்புரேட்டருக்கு வரும்வரை சில முறை சுழற்றுங்கள். பின்பு சுவிட்சைத் திறந்து, ஒரு சிறு வெடிச் சத்தம் கேட்கும்வரை சுழற்றுங்கள். அதன்பின் சோக்கைத் திறந்து மறுபடியும் சுழற்றினால் எஞ்சின் ஓடும். வெறுங்கை வேண்டாம், தடித்த கையுறையோ கோலோ பயன்படுத்துங்கள். ஓடும்போது ஊசிகளைப் பின்புறமிருந்தே திருப்ப வேண்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்திற்கு நேராகப் பக்கத்தில் எவரும் நிற்கலாகாது.

பற்றவைப்புக் கருவி ரேடியோ இரைச்சலை உண்டாக்கக்கூடும். அதை ரிசீவரிலிருந்து விலக்கிப் பொருத்துங்கள். எஞ்சின் நின்றிருக்கையிலும் ஓடுகையிலும் ரேடியோ எட்டும் தூரத்தைத் தனித்தனியே சோதியுங்கள். ஓடுகையில் தூரம் குறைந்தால் அன்றைக்குப் பறக்கவிட வேண்டாம்.

பொறுமையின் பலனுக்கு ஒரு சாட்சி சொல்லுவோம். 2003 ஆகஸ்டில் அமெரிக்கரான மேனார்ட் ஹில் என்பவரின் குழுவினர் கட்டிய மாதிரி விமானம், கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 39 மணி நேரம் பறந்து, 3,000 கி.மீ.க்கு அப்பால் அயர்லாந்தில் இறங்கியது. அதிலிருந்தது 10 சி.சி. எஞ்சின் மாத்திரமே. 77 வயதான ஹில்லுக்குப் பார்வையும் செவிப்புலனும் மிகவும் குன்றியிருந்தன. முந்தின முயற்சிகள் தவறியும் அவர் எஞ்சினின் எரிபொருள் செலவைத் துளித்துளியாய்க் குறைத்துக்கொண்டே வந்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுக்குமாடி வீட்டில் பெட்ரோலைச் சேமிக்க இடங்கொடாதேயுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மாத்திரம் வாங்கி, மைதானத்திலேயே டேங்கைக் காலிசெய்து வரச் சொல்லுங்கள். முதல் சில முறை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை சுவிட்சைப் பார்த்த பின்பே புரொப்பெல்லரைத் தொடுகிறானா என்பதை நீங்களே ஒருநாள் மைதானத்திற்குச் சென்று கவனியுங்கள்.