நூலில் இரண்டு முடிச்சு

"பண்டிகை டென்ஷன் நாமே இழுத்துப் போட்டுக்கொள்வது, ஆசையைக் குறைத்தால் மனம் லேசாகும்" என்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பீகார்க்காரர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து நூல் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு முடிச்சு. மகளின் தோளிலிருந்து முழங்கால் வரைக்குமான அளவு. கவுன் வாங்குவதற்காக ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்தது. "இப்போ பெரிசா ஆயிருக்கும்" என்றார் உடைந்த தமிழில். சிரித்தார், கண் கலங்கியிருந்தது. இதில் எந்த ஆசையைக் குறைக்கச் சொல்வது?

தீபாவளி கழிந்து ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை என்னும் பண்டிகை. அதற்கு ஊர் போக ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு உண்டா என்பதோ கடைசி வாரத்தில்தான் தெரிகிறது. உலை அணையாத ஆலையில் பண்டிகையன்றும் ஆள் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் இவர்தான். போனஸ்? சம்பள வரம்புக்குள் இருப்பவர் வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. இவர் கேட்டால் "அடுத்த வாரம்" என்ற பதில்தான்.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். முதலில் லீவுப் பட்டியலை இரண்டு மாதம் முன்னால் ஒட்டுங்கள். போனஸைத் துணி எடுக்கும் முன் கையில் கொடுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் ஏக்கத்துக்கு ஆறுதல் சொல்ல வாருங்கள், நானும் கூட வருகிறேன்.