வாக்குச்சீட்டை வாசிப்பவர் யார்?

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களை விலக்கி வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்னும் குரல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பின்னும் எழுகிறது. பல்கலைக்கழக வளாகங்களிலும் அது வலுவாகவே ஒலிக்கிறது. அக்கோரிக்கையின் பின்னுள்ள ஐயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், தாள் தன்னளவில் எதற்கும் உறுதி தருவதில்லை என்பதைச் சண்டிகர் நமக்குக் காட்டியிருக்கிறது.

2024 சனவரி 30 அன்று நடந்த சண்டிகர் மேயர் தேர்தலில் பதிவானவை 36 சீட்டுகள் மட்டுமே. தேர்தலை நடத்திய அலுவலர் அவற்றுள் 8 சீட்டுகளைச் செல்லாதவை என ஒதுக்கி, பாஜக வேட்பாளர் மனோஜ் சோன்கர் 16க்கு 12 என்ற கணக்கில் வென்றதாக அறிவித்தார். ஒதுக்கப்பட்ட எட்டும் ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணி வேட்பாளர் குல்தீப் குமாருக்கு விழுந்தவை. அவ்வலுவலரே சீட்டுகளில் குறியிடும் காட்சி கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று எட்டும் செல்லும் எனக் கூறி, 20 வாக்குகள் பெற்ற குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது.

மொழியியல் படித்த எனக்கு இதில் ஒரு பழைய பாடம் தெரிகிறது. குறிக்குத் தானாகப் பொருள் இல்லை. அதை வாசிக்கும் மரபே பொருளைத் தருகிறது. வாக்குச்சீட்டின் முத்திரை மங்கலாக விழலாம், இருமுறை விழலாம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அதை வாசிக்கும் முறையை 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 56ஆம் விதி வகுத்துள்ளது. வாக்காளரின் எண்ணம் தெளிவாகப் புலப்படுமாயின், முத்திரை மங்கியது என்பதற்காக மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாது. தள்ளுவதற்கு முன் முகவர்கள் அதைப் பார்க்க வாய்ப்பளிக்க வேண்டும். தொட விடக் கூடாது. தள்ளிய ஒவ்வொரு சீட்டிலும் காரணத்தைக் குறித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். வாக்குச்சீட்டின் நம்பகம் இந்தச் சிறு கடமைகளில்தான் தங்கியிருக்கிறது.

விதி இருந்தாலும் தீர்ப்புக்குக் காலம் வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தலைமையாசிரியரின் சான்றொப்பம் ஏற்கத்தக்கதன்று எனத் தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது; எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் சட்டமன்றத்தின் பதவிக்காலமே முடிந்தது; முடிவு வெளிவரவில்லை. தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்!

இவற்றைக் காட்டி இயந்திரமே மேல் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சண்டிகரில் நேர்ந்த தவறு மூன்று வாரத்தில் திருத்தப்பட்டதற்குக் காரணம், சீட்டுகள் மீண்டும் வாசிக்கத்தக்க சான்றாக எஞ்சியிருந்தமையே. இன்று இயந்திரத்தோடு ஒப்புகைச் சீட்டும் உண்டு. எனினும் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பரப்பிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளே வழக்கமாக எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. அனைத்தையும் சரிபார்க்கக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே, தாளா இயந்திரமா என்று அணி பிரிவதற்கு முன் ஆய்வுலகம் வேறு சில கேள்விகளை எழுப்ப வேண்டும். ஒரு வாக்கைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருக்கலாமா? தள்ளப்பட்ட வாக்குகளின் எண்ணிக்கையையும் காரணங்களையும் மேசைவாரியாக ஏன் வெளியிடக் கூடாது? வென்றவரின் பதவிக்காலம் முடியுமுன் வழக்கு முடிய என்ன வழி? சண்டிகரில் எண்ண வேண்டியிருந்தவை 36 சீட்டுகள். ஒரு மக்களவைத் தொகுதியில் அவை பத்து இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு மேசையிலும் கேமரா இருக்கும் என்று நம்பி நாம் வாளாவிருக்க முடியாது.