வயிறு கொடுத்த செக், தலையில் பவுன்ஸ்!

அணுபுரத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன் என் தலையைப் பார்ப்பார்கள். அடுத்து ஜன்னல் வழியாகக் கல்பாக்கம் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க இருக்கறதுனாலதான் இப்படியா?" என்பார்கள்.

ஸார், என் முன்நெற்றி என் அப்பா கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் தகராறு இல்லாமல் என் பங்குக்கு வந்தது அது ஒன்றுதான். குவார்ட்டர்ஸ் மனைவி பெயரில். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவளும் அவள்தான். அடியேன் பி.காம். நாலு கடைக்குக் கணக்கு எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை எழுதுகிறவன். அதனால் அணு சம்பந்தப்பட்ட கேள்விகளை அவள் பக்கம் தள்ளிவிடுவேன்.

"முடி கொட்டணும்னா தலையில சுமார் 3 கிரே கதிர்வீச்சு ஒரேயடியா விழணும்" என்பாள் அவள். "பொதுமக்களுக்கு ஒரு வருஷத்துக்கு வச்சிருக்கிற வரம்பு 1 மில்லிசீவர்ட். ஏறக்குறைய மூவாயிரம் வருஷக் கோட்டா! மாமல்லபுரத்துல பல்லவர் கல்லு செதுக்கின காலத்திலேர்ந்து இவர் இங்கேயே உக்காந்திருந்தாலும் பாதிகூட வராது."

விருந்தாளி காபியைக் குடித்துவிடுவார்.

ஆனால் இந்த வாரக் கதாநாயகன் நானில்லை. என் மச்சினன். வயது 29. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சனி, ஞாயிறு எங்கள் வீட்டில். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்போது பார்த்துத் தலையணை, சீப்பு, பாத்ரூம் ஜாலி என்று எங்கு பார்த்தாலும் அவன் முடி.

"மாமா, ஜாதகம் பொருந்தறதுக்குள்ள மண்டை காலியாயிடும் போலிருக்கு" என்றான்.

ஒரு வாரம் பெரிய பாட்டிலோடு வந்தான். மூலிகை எண்ணெயாம். விலை 1,200 ரூபாய். ஒன்று தீர்ந்து இரண்டாவது வந்தது. இரண்டாவது தீர்ந்து மூன்றாவதும் வந்தது. முடி மட்டும் வரவில்லை. வீட்டில் தலையணை உறை எல்லாம் பச்சையாகிவிட்டதுதான் மிச்சம்.

அவன் தினசரி மெனுவைச் சொல்லிவிடுகிறேன். காலை டிபன் கிடையாது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு டீ. மத்தியானம் கிடைத்ததைச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் இன்னொரு டீ. ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி. அதற்கு வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை. சில நாள் இரண்டு. இது ஒன்றரை வருஷமாக நடந்திருக்கிறது. எங்களிடம் சொன்னதெல்லாம், "லேசா நெஞ்செரிச்சல்க்கா. ஜெலூசில் இருக்கா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போனோம். எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டு பஸ் பிடித்தால் வழியிலேயே இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேல் படி. முன்னே கழுகு வந்து சாதம் சாப்பிட்டுப் போகும். அது வருவது நின்று பல வருஷமாகிவிட்டது. நூறு படிகூட ஏறியிருக்க மாட்டோம். மச்சினன் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்து, மூச்சு இரைக்கிறது. எங்களைத் தாண்டி ஒரு பாட்டி, கையில் அர்ச்சனைக் கூடையோடு ஜம்மென்று ஏறிப்போனாள். போகிறபோது அவனைப் பார்த்து, "என்னப்பா, வயசுப் புள்ளை..." என்று ஒரு உச்சுக்கொட்டல் வேறு.

மறுநாள் செங்கல்பட்டில் ஒரு டாக்டர். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெளிக்குப் போறது கறுப்பா, தார் மாதிரி போகுதா?"

பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் அப்படி வெட்கப்பட்டதில்லை. "ரெண்டு மாசமா அப்படித்தான் சார். ஹாஸ்டல் கீரைன்னு நினைச்சேன்."

ஹீமோகுளோபின் 8. எண்டாஸ்கோப்பியில் இரைப்பையில் புண். வலி மாத்திரை தின்று தின்று வந்த புண், சொட்டுச் சொட்டாய் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "ஆம்பளைக்கு இரும்புச்சத்து குறைஞ்சா, எங்கியாவது ரத்தம் போகுதான்னுதான் முதல்ல தேடணும். முடி உங்களுக்கு நல்லது பண்ணியிருக்கு. அது தந்தி அடிச்சிருக்கு. நீங்க தந்திக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் கணக்கு. அதில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று புரிந்தது.

சாப்பிடுவது என்பது விற்பனை. ஜீரணமாகி ரத்தத்தில் சேர்வதுதான் வசூல். பில் போட்டதெல்லாம் பணமாகிவிடுவதில்லை என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடல் சுவர் வழியே உள்ளே விடுவதில்லை. பி12 இருக்கிறதே, அதற்கு இரைப்பையின் அமிலமும் வேண்டும், இரைப்பையே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். அதற்கப்புறம் சிறுகுடலின் கடைசிக் கோடி வரை பயணம் செய்துதான் ரத்தத்தில் ஏறுகிறது. வழியில் எந்த செக்போஸ்ட்டில் கோளாறு என்றாலும் சரக்கு வந்து சேராது.

இப்போது செலவுப் பக்கம். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் முடிவேரில் இருப்பவையும் சேர்த்தி. அதனால் புரதம், இரும்பு, துத்தநாகம் என்று சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் முடி இல்லாவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை. இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் வாடகை, கரன்ட் பில் மாதிரி, கட்டியே ஆக வேண்டும். முடி, தீபாவளி போனஸ். வசூல் படுத்தால் முதலாளி முதலில் எதில் கை வைப்பார்? அதில்தான் உடம்பும் கை வைக்கிறது.

அதிலும் ஒரு சூட்சுமம், போனஸ் கட் ஆனது அன்றைக்கே தெரியாது. தலைமுடியில் நூற்றுக்கு 85, 90 வளரும் நிலையில் இருக்கும். மிச்சம் ரெஸ்ட். உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பெரும் பகுதி ஒரே நேரத்தில் ரெஸ்ட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் உடனே விழாது. இரண்டு, மூன்று மாதம் வேரிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் கொத்தாக வரும். சாட்சாத் போஸ்ட் டேட்டட் செக்!

டைபாய்டில் படுத்து எழுந்தவர்களைக் கேளுங்கள். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, ஆபீஸில் பாதி பேர் மறந்தும் போன பிறகு முடி கொட்டும். அவர் போன வாரம் மாற்றிய ஷாம்புவைத் திட்டுவார். பாவம், ஷாம்பு என்ன செய்யும்? கொரோனா வந்துபோன பலருக்கும் இதே கதைதான். பட்டினி கிடந்து இரண்டு மாதத்தில் பத்து கிலோ குறைத்து, கல்யாண போட்டோவுக்கு ஒல்லியாகவும் சொட்டையாகவும் நிற்பவர்களும் இந்த கேஸ்தான். நல்ல செய்தி என்னவென்றால், காரணம் சரியானால் இந்த வகை முடி பெரும்பாலும் ஆறு மாதம் வாக்கில் திரும்பி முளைத்துவிடும்.

குடலுக்கும் முடிக்கும் நேரடிச் சம்பந்தம் என்பதற்கு வைத்திய சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குடல் துத்தநாகத்தை உறிஞ்சாது. ஓயாத பேதி, வாயைச் சுற்றிப் புண், தலையில் முடி கொட்டிப்போகும். வெகுகாலம் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோயின. 1970-களில் லண்டன் டாக்டர் மொய்னஹன், துத்தநாகம் கொடுத்தால் இது குணமாகிறது என்று கண்டார். பேதி நின்றது, புண் ஆறியது, முடி முளைத்தது.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கை. தலையில் வட்டமாக முடி போனால் அதற்குப் 'புழுவெட்டு' என்று பெயர் வைத்தோம். அதில் புழுவே கிடையாது. நம் உடம்பின் காவல்படையே முடிவேரைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற நோய் அது. நிஜமான புழு வயிற்றில் இருக்கிறது. கொக்கிப்புழு. வெறுங்காலில் மண்ணை மிதித்தால் தோல் வழியே ஏறி, சிறுகுடலில் போய்க் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். 1920-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் இதை ஒழிக்கப் பிரசாரம் செய்தது. இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மகன் அதைச் சப்பிவிட்டு முகம் சுளித்தால் திட்டாதீர்கள், முழுங்கச் சொல்லுங்கள்.

"அப்படின்னா சத்து மாத்திரையா வாங்கி முழுங்கிட்டாப் போச்சு" என்று கிளம்புகிறவர்களுக்கு மகாராஷ்டிரத்துச் சேதி ஒன்று. 2024 டிசம்பர் கடைசியில் புல்டாணா மாவட்டம் ஷேகாவ் தாலுகா கிராமங்களில் ஜனங்களுக்குத் திடீரென்று முடி கொட்ட ஆரம்பித்தது. மூன்று, நான்கு நாளில் மொட்டை. ஆண், பெண், பள்ளிக்கூடப் பையன் என்று வித்தியாசமில்லை. தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், பூஞ்சையைச் சந்தேகப்பட்டார்கள். தேள்கடி வைத்தியத்துக்காக உலகப்புகழ் பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அங்கே போய் ரத்தம், சிறுநீர், முடி எல்லாவற்றையும் சோதித்தார். செலினியம் என்ற சத்து எக்கச்சக்கம், துத்தநாகமோ குறைவு. ரேஷன் கோதுமையில் செலினியம் உள்ளூர்க் கோதுமையைப் போல் சுமார் 600 மடங்கு இருப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார். உடம்புக்கு இத்துனூண்டு தேவைப்படுகிற சத்துதான் செலினியம். அதுவே வயிறு வழியாக அளவு மீறிப் போனால் முடியைப் பிடுங்கிவிடுகிறது. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் லேபிளில் போட்டதைப் போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. அதைக் குடித்த 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கும் முடி கொட்டியது. ஆக, ஓவர்டிராஃப்ட் எப்படி ஆபத்தோ, கணக்கில் வராத டெபாசிட்டும் அப்படியே ஆபத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வயிற்றைச் சுத்தம் செய்தால் சொட்டையில் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெற்றி இரண்டு பக்கமும் ஏறுவது, உச்சியில் ரூபாய் அகலம் தெரிவது, இதெல்லாம் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து போடும் கணக்கு. தனி லெட்ஜர். அதற்கு வைத்தியம் வேண்டுமானால் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் தலை முழுக்கச் சமமாக, திடீரென்று கொட்டினால் தலையை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு முந்தைய டைரியைப் பாருங்கள். காய்ச்சலா, பேதியா, பட்டினியா, தொடர்ந்து விழுங்கிய மாத்திரையா என்று யோசியுங்கள். கூடவே மூச்சு வாங்கினால், எடை குறைந்தால், வெளிக்குக் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனால் எண்ணெய்க் கடைப் பக்கமே போகாமல் டாக்டரிடம் போங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு, இதில் எது வேண்டுமென்று அவர் சொல்லுவார்.

நாமாகச் செய்யக்கூடியது சுலபமானது. காலையில் இரண்டு இட்லியாவது வயிற்றில் போடுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். கீரைக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை அனுப்புங்கள், இரும்பு நன்றாக உள்ளே போகும். தலைவலி மாத்திரையை மட்டும் வேர்க்கடலை மாதிரி தின்னாதீர்கள்.

மச்சினன் கதைக்கு வருகிறேன். புண் ஆறிவிட்டது. இரும்பு மாத்திரை நாலைந்து மாதம் சாப்பிட்டான். ஹீமோகுளோபின் 13-ஐத் தாண்டியது. தலையில் குட்டிக் குட்டியாக முடி எழுந்து நிற்கிறது. முன்பக்கம் மட்டும் இரண்டு மூலையும் அப்படியே இருக்கிறது. அது என் மாமனார் எழுதிவைத்த உயில், டாக்டரால் மாற்ற முடியாது.

போன மாதம் மறுபடி திருக்கழுக்குன்றம் போனோம். எனக்கு முன்னால் ஏறி, மேலே நின்று, "என்ன மாமா, வயசுப் புள்ளை!" என்று கத்தினான்.

மூன்றாவது எண்ணெய் பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம். கொட்ட மனசில்லாமல் மனைவி அதை குவார்ட்டர்ஸ் கேட் கீலுக்கு விட்டாள். அன்றிலிருந்து கேட் கிறீச்சிடுவதில்லை.

"1,200 ரூபா வீணாப் போகலைங்க" என்றாள். "எங்க தடவணும்னுதான் நமக்குத் தெரியலை!"