அறியும் மொழியில் சொல்லுக!

‘உரிமை’ என்ற சொல்லை மேடைதோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுக் காதும் பழகிவிட்டது. ஆனால் ஓர் உரிமை பறிபோகும் வேளையில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

பௌதிகம் பயில்பவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். வேலை உண்டு. நிறையும் எடையும் ஒன்றென்று எழுதினால் எங்கள் துறையில் கணக்குத் தவறும், அவ்வளவே. கைதும் தடுப்புக்காவலும் ஒன்றென்று எண்ணினால் ஒரு மனிதனின் விடுதலையே தவறிப் போகும்.

செய்ததாகக் கூறப்படும் குற்றத்துக்காகப் பிடிப்பது கைது. அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கைதானவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இனிமேல் தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயத்தின்மேல் அடைத்து வைப்பது தடுப்புக்காவல். மேற்சொன்ன பாதுகாப்புகள் அங்கே செல்லா. அவ்வாறு அடைபட்டவனுக்குப் பெருந்துணையாக இருப்பவை இரண்டு: காவலுக்கான காரணங்களை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும்; அவற்றை எதிர்த்து முறையிட விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும்.

தெரிவிப்பது என்றால் என்ன? 1962-இல் ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்த கேள்வி இதுதான். மகாராஷ்டிரத்தில் காவலில் வைக்கப்பட்ட அவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில், தட்டச்சில் 14 பக்கங்களுக்கு மேல், கொடுத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தியில் கேட்டார், மறுத்தார்கள். ஆங்கிலமே ஆட்சிமொழி என்றும், போலீஸ் அதிகாரி வாய்மொழியாக விளக்கியது போதும் என்றும் அரசு வாதித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காவலில் இருப்பவன் அறிந்த மொழியில் தெரிவிக்காதது தெரிவித்ததே ஆகாது என்று கூறி, அவரை விடுவித்தது.

ஒரு வினைச்சொல்லின் பொருள் ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்டது! சொல்லாராய்ச்சி வீண்வேலை என்பார் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். ஐக்கிய நாடுகள் சபை 1966-இல் நிறைவேற்றிய குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையும், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் குற்றச்சாட்டை அவன் அறியும் மொழியில் உரைக்க வேண்டும் என்கிறது. 1979-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

“சட்டச் சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டால் என்ன? தமிழாக்கம் அதைவிடக் கடினம்” என்பாரும் உண்டு. சில ஆக்கங்கள் கடினமே, ஒப்புகிறேன். ஆயினும் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்ற இலத்தீன் தொடரைக் கேட்டு, மகனைக் காணாது தவிக்கும் தாய் என்ன அறிவாள்? ‘ஆட்கொணர்வு மனு’ என்று சொல்லிப் பாருங்கள். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் ஆணையிடக் கேட்பது அது என்பது அவளுக்குப் பாதி விளங்கிவிடும். மீதியை விளக்கக் கற்றவர் வேண்டும்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் இதன் அருமையை எளிதில் உணர்வோம். இங்கே ஒரு தமிழன் பிடிபட்டால் அவனுக்குத் தமிழில் காரணம் சொல்ல வேண்டும் என்று கேட்போம், கேட்க வேண்டும். திருப்பூரின் பின்னலாடை ஆலையில் உழைக்கும் ஒடியாக்காரன் பிடிபட்டால், அவனுக்கு ஒடியாவில் சொல்லுங்கள் என்று கேட்பதும் நம் கடமையே. உரிமைக்கு ஊர்ப்பற்று இல்லை.

ஆகவே நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இதழ்தோறும் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். பிணை, தடுப்புக்காவல், முறையீடு என்று பத்துச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய தமிழில் மூன்று வரி விளக்கம். சட்டம் பயிலும் தோழர்கள் எழுதட்டும், நாம் படிப்போம், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கத்தையும் எடுத்துச் செல்வோம்.